பிரேக் இல்லாத பைக், சொந்தமில்லாத மைதானம்

'ஸ்பீட்வே' என்று சொன்னால் தமிழ்நாட்டில் ரேஸ் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேதான். 1995ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதன் நினைவாக வைத்த பெயர். ஆனால் அது தார் போட்ட, வளைந்து வளைந்து போகிற ஒரு ரேஸ் தடம். உலகத்தில் 'ஸ்பீட்வே' என்றே ஒரு தனி விளையாட்டு இருக்கு. பிரிட்டன், போலந்து, சுவீடன், டென்மார்க் பக்கமெல்லாம் அதுக்கு ஊர் ஊரா டீம், ஊர் ஊரா ரசிகர்கள். நம்ம கபடி, கால்பந்து மாதிரி லீக் வைத்து ஆடுகிறார்கள். பைக் ரேஸை எப்படி டீம் விளையாட்டா ஆட முடியும் என்ற கேள்வியில்தான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன்.

நான் எம்.கே.பி. நகரில் இருந்து எழுதுறேன். எங்க பக்கத்தில் 'ரேஸ்' என்றால் அது வேற அர்த்தம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல எண்ணூர் ரோட்டில் விடுறதுதான் ரேஸ். அதனால் இந்தக் குறிப்பு பிரிட்டிஷ் லீக்கில் ஆரம்பிச்சாலும் சோழவரம் வழியா வந்து இங்கேதான் முடியும்.

முதலில் விளையாட்டு

ஒரு முட்டை வடிவ மண் தடம். சுற்றளவு பெரும்பாலும் 260 மீட்டரில் இருந்து 400 மீட்டருக்குள். அதாவது ஒரு கால்பந்து மைதானத்தைச் சுற்றி ஓடுகிற ஓட்டப்பந்தயத் தடம் அளவுக்குத்தான் இடம் வேணும். மேலே சரளையும் மண்ணும் கலந்த தளர்வான பரப்பு. ஒரு நேரத்தில் நாலு பேர், நாலு சுற்று, இடப்பக்கமாகத் திரும்பித் திரும்பி. ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் ரேஸ் முடிஞ்சிடும். இந்த ஒரு ரேஸுக்கு 'ஹீட்' என்று பெயர்.

வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர். கியர் ஒண்ணுதான். பிரேக் கிடையவே கிடையாது. முதல்முறை கேட்கிறவங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாத் தோணும். ஆனா காரணம் இருக்கு. இவ்வளவு சின்னத் தடத்தில் நாலு பேர் ஒட்டி ஒட்டிப் போகும்போது முன்னால போறவன் திடீர்னு பிரேக் அடிச்சா பின்னால வர்றவன் மேல ஏறிடுவான். யாருக்கும் பிரேக் இல்லைன்னா யாரும் சட்டுனு நிற்கப் போறதில்லை. வேகத்தைக் குறைக்கிறதும் திருப்புறதும் ஒரே வேலைதான்: பின்சக்கரத்தை வெளிப்பக்கம் வழுக்க விட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இடது காலைத் தரையில் இழுத்துக்கிட்டே போறது. அதுக்காக இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டிக்குவாங்க.

எரிபொருள் மெத்தனால். பெட்ரோலைவிட அதிக அழுத்தம் தாங்கும், என்ஜினைச் சூடேற விடாமலும் பார்த்துக்கும். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டாலே 2023 மரக்காணமும் 2024 கள்ளக்குறிச்சியும்தான் ஞாபகம் வரும். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேல் உயிர்கள். இங்கே ஒரு ஸ்பீட்வே நடத்தணும்னா முதல் சிக்கல் வண்டி கிடைக்கிறதா இருக்காது, இந்த எரிபொருளைக் கணக்கு வைத்துப் பூட்டி வைக்கிறதாத்தான் இருக்கும்.

நம்ம ஊருக்குத் தெரிந்த ஒரு பெயரும் இதில் இருக்கு. மைசூரில் 'ஐடியல் ஜாவா' தயாரிச்ச ஜாவா, யெஸ்டி வண்டிகளை நம்ம அப்பாக்கள் ஓட்டினாங்க இல்லையா? அதே செக் நாட்டு ஜாவா ஸ்பீட்வே வண்டிகளும் செய்தது. 1960, 70களில் பெரிய வீரர்கள் பலர் அதில்தான் ஓட்டினாங்க.

டீம் கணக்கு

ஆஸ்திரேலியாவில் 1920களில் பிரபலமான இந்த மண் தட ரேஸ் 1928 பிப்ரவரியில் லண்டனை ஒட்டிய ஹை பீச்சில் நடந்தபோது பெரும் கூட்டம் கூடியது. அடுத்த ஆண்டே, 1929ல், லீக் வந்துவிட்டது. இப்போதைய முறையைச் சொல்றேன்.

ஒரு டீமுக்கு 7 பேர். ஒரு ஆட்டத்தில் 15 ஹீட். ஒவ்வொரு ஹீட்டிலும் இந்த டீமில் இருந்து ரெண்டு பேர், அந்த டீமில் இருந்து ரெண்டு பேர். முதல் இடத்துக்கு 3 புள்ளி, அடுத்து 2, 1, கடைசிக்கு 0. ஆக ஒரு ஹீட்டில் 6 புள்ளி, மொத்த ஆட்டத்தில் 90. எந்த டீம் 46ஐத் தொடுதோ அது ஜெயிச்சது.

இந்தச் சின்னக் கணக்குக்குள்ளேதான் டீம் விளையாட்டு ஒளிஞ்சிருக்கு. ஒருத்தன் மட்டும் பறந்து போய் முதலில் வந்து, கூட வந்தவன் கடைசியில் வந்தா 3-3, சமம். அதனால் முன்னால போறவன் ஒரு கண்ணைத் தன் ஜோடி மேல வைக்கணும். அவனுக்கு வழி விட்டு, எதிராளிக்கு வழி அடைச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து முதல் ரெண்டு இடத்தைப் பிடிச்சா 5-1. தன் ஜோடிக்கு நேர் பின்னால, எதிராளிக்கு முன்னால வர்றவனுக்கு 'போனஸ்' புள்ளி உண்டு. அது டீம் கணக்கில் சேராது, அவனுடைய சொந்தக் கணக்கில் சேரும். கூட்டாளியை முந்தாமல் இருந்ததால் உனக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதுதான் அதன் நியாயம்.

அந்தச் சொந்தக் கணக்கு எதுக்குன்னா, இரண்டு காரணம். ஒண்ணு, வீரர்களுக்குப் பெரும்பாலும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். வண்டி, என்ஜின், மெக்கானிக், வேன் எல்லாம் அவங்க சொந்தச் செலவு. அதனாலேயே ஒரே ஆள் பிரிட்டனில் ஒரு டீம், போலந்தில் ஒரு டீம், சுவீடனில் ஒரு டீம் என்று வாரம் முழுக்கப் பறந்துக்கிட்டே இருப்பார்.

இரண்டாவது, சராசரி. எடுத்த புள்ளியையும் போனஸையும் கூட்டி, ஓட்டின ஹீட் எண்ணிக்கையால் வகுத்து, நாலால் பெருக்கினா அவருடைய சராசரி. நாலு ஹீட்டில் 8 புள்ளி, 1 போனஸ் எடுத்தவருக்கு 9. ஒன்பதைத் தொடுகிறவர் டீமின் தூண். மூணு, நாலில் இருக்கிறவர் ரிசர்வ். சீசன் ஆரம்பிக்கும்போது ஏழு பேருடைய சராசரியையும் கூட்டினா லீக் வைத்த ஒரு உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். நாற்பதை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு விதியால் பணக்கார டீம் நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போக முடியாது. இன்னொரு விளைவும் உண்டு. ஒரு டீம் நல்லா ஓட்டி சாம்பியன் ஆனா அதன் வீரர்களின் சராசரி ஏறிடும். அடுத்த வருஷம் வரம்புக்குள் அடங்காது. ஜெயிச்ச டீமைக் கலைச்சே ஆகணும். ஜெயிக்கிறதுக்கான தண்டனை மாதிரி இருந்தாலும், சின்ன ஊர் டீம்கள் தலையெடுக்க வழி விடுறது இந்த விதிதான்.

பீட்டர்பரோ, 2021

இந்தக் கணக்கெல்லாம் எப்படி வேலை செய்யுது என்று பார்க்க ஒரு சீசனை எடுத்துக்குவோம். 2020 சீசன் கொரோனாவால் நடக்கவே இல்லை. 2021ல் உயர்மட்ட லீக்கில் ஆறே டீம்கள்: பெல் வியூ, இப்ஸ்விச், கிங்ஸ் லின், பீட்டர்பரோ, ஷெஃபீல்டு, வுல்வர்ஹாம்ப்டன்.

பீட்டர்பரோ பாந்தர்ஸ் அந்த வருஷம் சேர்த்த ஆட்களைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க. டென்மார்க்கின் பியார்னே பெடர்சன், ஹான்ஸ் ஆண்டர்சன், உல்ரிக் ஓஸ்டர்கார்டு, இங்கிலாந்தின் ஸ்காட் நிக்கல்ஸ், கிறிஸ் ஹாரிஸ். எல்லாரும் நாற்பதைத் தாண்டினவங்க அல்லது நெருங்கினவங்க. கூட மைக்கேல் பாம் டாஃப்ட். பதினேழு வயசு ஜோர்டன் பாலின் ஒருத்தர்தான் சின்னப் பையன். பழைய பிரிட்டிஷ் டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயரை எடுத்து 'அப்பாக்கள் படை' என்று பட்டம் கட்டினாங்க.

அந்த அப்பாக்கள் படைதான் இறுதிப்போட்டியில் பெல் வியூவைத் தோற்கடிச்சு சாம்பியன் ஆனது. 1999, 2006க்குப் பிறகு அந்த ஊருக்குக் கிடைத்த உயர்மட்ட லீக் பட்டம்.

இது அதிர்ஷ்டம் இல்லை என்பது என் கணிப்பு. சராசரி என்பது போன காலத்தின் கணக்கு. வயசாகி, அடிபட்டு, ஃபார்ம் இறங்கின வீரருடைய சராசரியும் இறங்கியிருக்கும். காகிதத்தில் அவர் மலிவு. ஆனா ஸ்டார்ட் லைனில் டேப் மேலே ஏறுகிற நொடியில் கிளட்சை எப்படி விடணும், மழை பெய்த தடத்தில் எந்தப் பக்கம் பிடிமானம் இருக்கும், ஜோடிக்கு எப்ப வழி விடணும் என்பதெல்லாம் அவருக்கு இருபது வருஷப் பாடம். காகிதத்தில் ஏறாத அந்த அனுபவத்தை வரம்புக்குள்ளேயே வாங்கிட்டாங்க. வியாசர்பாடியில் பழைய மெக்கானிக் ஒருத்தர் காதில் கேட்டே வால்வு கிளியரன்ஸ் சொல்லுவாரே, அந்த மாதிரி.

சாம்பியனுக்கு மைதானம் இல்லை

கதை இதோடு முடிஞ்சா நல்லாயிருக்கும். 1970ல் இருந்து பீட்டர்பரோ டீம் ஓட்டின இடம் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொருட்காட்சி மைதானம். டீமுக்குச் சொந்தமில்லை, வாடகை. அந்த நிலத்தில் வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. 2023 சீசனோடு ரேஸ் நின்றது. சாம்பியன் ஆன ரெண்டே வருஷத்தில் டீமுக்கு நிற்க இடம் இல்லை.

இது தனிக்கதையும் இல்லை. பீட்டர்பரோவுக்கு முந்தைய சாம்பியன், அதாவது 2019ல் ஜெயித்தது, ஸ்விண்டன் ராபின்ஸ். அந்த 2019தான் அவங்க கடைசி சீசன். மைதானப் பிரச்சினையால் திரும்ப வரவே இல்லை. வுல்வர்ஹாம்ப்டன் 2023ல் போச்சு. அந்த மைதானம் நாய்ப் பந்தயம் நடத்துகிற கம்பெனியுடையது. அவங்க ஸ்பீட்வேக்கு இனி இடமில்லைன்னு சொல்லிட்டாங்க. ஆட்டம் தெரிந்த வீரர்கள் இருந்தாங்க, பார்க்க ரசிகர்களும் இருந்தாங்க, கோப்பைகூட இருந்தது. நிலம் மட்டும் வேறொருத்தர் பெயரில் இருந்தது.

மறுபக்கமும் இருக்கு. மான்செஸ்டரின் பெல் வியூ டீம் 1987ல் தன் பழைய ஹைடு ரோடு மைதானத்தை இழந்து, பக்கத்து நாய்ப் பந்தய மைதானத்தில் ஒண்டிக் குடியிருந்தது. பிறகு நகராட்சி முன்னால வந்து கார்ட்டன் பகுதியில் ஸ்பீட்வேக்கென்றே ஒரு ஸ்டேடியம் கட்டியது, 2016ல் திறந்தாங்க. 2022ல் அதே பெல் வியூ சாம்பியன், 1993க்குப் பிறகு முதல் தடவையா. பொது நிலத்தில், பொதுப் பணத்தில் கட்டின இடம் என்பதால் ரியல் எஸ்டேட்காரர் வந்து கதவைத் தட்ட முடியாது.

நம்ம பக்கம்: திருவொற்றியூரும் சோழவரமும்

இப்போ வடசென்னைக்கு வருவோம். பைக் என்பது எங்க பகுதிக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பிச்சு திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க. ராணுவத்துக்கு 800 வண்டி வேணும் என்ற அரசு ஆர்டர்தான் அதன் தொடக்கம். முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்து இங்கே கோர்த்தது. பிறகு எல்லாமே இங்கேயே செய்தாங்க. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிப்போன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி போச்சு. பிள்ளை அம்மா வீட்டுக்குச் சீர் கொண்டு போன மாதிரி.

ரேஸும் எங்க பக்கம்தான் இருந்தது. செங்குன்றம் தாண்டி கல்கத்தா ரோட்டில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதை, ஆங்கில 'டி' எழுத்து வடிவில். போர் முடிஞ்ச பிறகு அந்த ஓடுபாதையில் கார், பைக் ரேஸ் ஆரம்பமாச்சு. 1953ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. நாட்டின் எல்லா மூலையில் இருந்தும் ஆட்கள் வருவாங்க. எங்க வீட்டுப் பெரியவங்க தலைமுறையில் 'சோழவரம் ரேஸ்' என்பது திருவிழா மாதிரி, கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போய்ப் பார்க்கிற விஷயம்.

ஆனா பிரிட்டனில் லீக் வளர்ந்த மாதிரி இங்கே ஏன் வளரலை? பணம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிடலாம், அது பாதிப் பதில்தான். சோழவரம் வருஷத்தில் சில நாள் நடக்கிற கூட்டம். ஓடுபாதை கிளப்புக்குச் சொந்தமில்லை. வாரா வாரம் போய்ப் பழகவோ, பயிற்சிப் பள்ளி வைக்கவோ அங்கே வழியில்லை. ஸ்பீட்வேயின் பலம் வேகத்தில் இல்லை, வாராவாரம் நடக்கிறதில் இருக்கு. பத்து மைல் தள்ளி இருக்கிற ஊரோடு போன வாரம் தோற்றதை இந்த வாரம் தீர்த்துக்கலாம் என்ற ஆசையில்தான் கூட்டம் திரும்பத் திரும்ப வரும்.

கிளப் இதைப் புரிஞ்சுக்கிட்டுச் சொந்தமா நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தடம் போட்டது. 1990ல் திறந்தது. இன்றைக்கும் நாட்டின் முக்கியமான ரேஸ் தடங்களில் அது ஒண்ணு. நிலம் சொந்தம் என்பதால்தான் முப்பது வருஷத்துக்கு மேல நிலைச்சு நிற்குது என்று நினைக்கிறேன். எங்களுக்கு என்ன ஆச்சுன்னா, வீட்டுக்கு வடக்கே இருந்த ரேஸ் ஊரின் தென்மேற்கு மூலைக்குப் போயிடுச்சு. பைக் செய்கிற ஊர், ரேஸ் நடக்கிற ஊர் என்ற ரெண்டு பெயரில் ஒண்ணு போச்சு.

ரோட்டில் நடக்கிற லீக்

ரேஸ் போனாலும் ஆசை போகலை. சைலன்சரைக் கழற்றி, போர் போட்டு, நம்பர் பிளேட்டை மடக்கி, ராத்திரியில் விடுறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவு பொது ரோட்டில் ரேஸ் விடுறதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்தில் அபராதத்தை முதல் தடவைக்கு 5000 ரூபாய் ஆக்கினாங்க, சிறையும் உண்டு. ஓட்டினது பதினெட்டு நிரம்பாத பையன் என்றால் 199ஏ பிரிவில் பெற்றவர் மேலேயே 25,000 ரூபாய் அபராதம், சிறைத்தண்டனை வரை போகும். போலீஸ் பிடிக்குது, வண்டி ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்குது, அடுத்த வாரம் வேற பசங்க.

எங்க தெருச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்தாலே தெரியும். எத்தனை படத்தில் பையன் பைக் மேல உட்கார்ந்திருக்கான். எந்த வண்டியில் போனானோ அதே வண்டியில்தான் படமும் எடுத்திருப்பான்.

ஸ்பீட்வே பாதுகாப்பான விளையாட்டு என்று சொல்ல வரலை. 2012ல் லீ ரிச்சர்ட்சன் போலந்தில் ரேஸில் இறந்தார். 2015ல் டார்சி வார்டு முதுகெலும்பு உடைந்து நடக்க முடியாமல் போனார். ஆனா அங்கே எதிரில் தண்ணி லாரி வராது. கோயம்பேட்டில் இருந்து வீட்டுக்கு நடந்து வர்றவங்க குறுக்கே வரமாட்டாங்க. காற்றடைச்ச தடுப்பு, டாக்டர், ஆம்புலன்ஸ் தயாரா நிற்கும். ஒரு ஹீட்டில் நாலு பேர்தான். விழுந்தா உடனே சிவப்பு விளக்கு.

இங்கே முடியுமா?

இந்தியாவில் டீம் வைத்து மண்ணில் பைக் ஓட்டுகிற லீக் ஒண்ணு வந்திருக்கு. 2024 தொடக்கத்தில் புனே, அகமதாபாத், பெங்களூர் என்று மூணு ஊரில் சூப்பர்கிராஸ் லீக் நடந்தது. ஆனா அது ஸ்டேடியத்தில் மேடு கட்டித் தாவுகிற ரேஸ், கம்பெனிகள் டீம் வாங்கி நடத்துறது. அதே 2024 ஆகஸ்ட் கடைசியில் நம்ம தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் ரோட்டில் ஃபார்முலா 4 கார் ரேஸ் நடந்தது. ராயபுரத்துக்கும் துறைமுகத்துக்கும் எட்டிப் பார்க்கிற தூரம். ரெண்டும் நல்லதுதான். ஆனா ரெண்டிலும் எங்க பையன் வேலிக்கு வெளியே டிக்கெட் வாங்கி நிற்கிற பார்வையாளன்.

வடசென்னையில் எந்த விளையாட்டு வேரூன்றியிருக்குன்னு யோசிச்சா பதில் தெளிவா இருக்கு. கேரம், குத்துச்சண்டை, கால்பந்து. கேரத்தில் உலக சாம்பியன் ஆன காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுநர் மகள். வியாசர்பாடிக் கால்பந்துப் பசங்களை நாடே எழுதியிருக்கு. இதெல்லாம் சின்ன இடத்தில், வீட்டுக்குப் பக்கத்தில், தினமும் சாயங்காலம் ஆட முடிகிற விளையாட்டுகள். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் வந்து கேட்கலை, கேட்டாலும் ஊர் விடலை.

மோட்டார் விளையாட்டில் அந்த அளவுகோலுக்குக் கிட்ட வர்றது இந்த மண் வட்டம்தான். 3.5 கிலோமீட்டர் தார் ரோடு வேணாம், 300 மீட்டர் மண் தடம் போதும். 500 சிசி மெத்தனால் வண்டிகூட ஆரம்பத்தில் தேவையில்லை. எங்க மெக்கானிக் ஷாப்புகளில் பாதி பிரிச்சுக் கிடக்கிற 100, 125 சிசி வண்டிகள் போதும். புதுப்பேட்டையில் மீதி பாகம் கிடைக்கும். பிரித்து மாட்டத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. புள்ளிக்கணக்கும் சராசரி வரம்பும் இருந்தா எம்.கே.பி. நகருக்கும் தண்டையார்பேட்டைக்கும் எர்ணாவூருக்கும் ஆளுக்கொரு டீம் கட்டலாம். காசு இருக்கிற ஏரியாதான் ஜெயிக்கும் என்ற நிலையும் வராது.

மிச்சம் இருக்கிறது நிலம். பீட்டர்பரோவும் ஸ்விண்டனும் சொல்லிக்கொடுக்கிறது என்னன்னா, வாடகை நிலத்தில் எவ்வளவு பெரிய கோப்பை வாங்கினாலும் ஒருநாள் நோட்டீஸ் வரும். இங்கே மூடின தொழிற்சாலை நிலங்கள் நிறைய இருக்கு. ஆனா அவை எல்லாம் ஏற்கெனவே அடுக்குமாடி ஆகிக்கிட்டு இருக்கு. மாநகராட்சியோ விளையாட்டு ஆணையமோ தன் பெயரில், விற்க முடியாதபடி, ஒரு மைதானம் அளவு இடத்தை ஒதுக்கினால்தான் இது நடக்கும். மான்செஸ்டரில் நடந்தது அதுதான். அந்த இடத்தை முடிவு பண்ணாமல் டீம் பெயரும் ஜெர்சி நிறமும் பேசுறதில் அர்த்தம் இல்லை.